சின்னக் கார்களுக்கு ரீகால் ஏன் வருகிறது, வந்தால் என்ன செய்வது?

2024 மார்ச்சில் மாருதி சுசூகி 11,851 பலேனோ, 4,190 வேகன் ஆர் கார்களுக்கு ரீகால் அறிவித்தது. டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் ஃபியூவல் பம்பின் மோட்டாரில் ஒரு பாகம் சரியில்லாமல் இருக்கலாம். அபூர்வமாக இன்ஜின் ஓடும்போதே நின்றுவிடலாம், அல்லது ஸ்டார்ட் ஆகாமல் போகலாம் என்பது காரணம். அந்தக் கார்கள் அனைத்தும் 2019 ஜூலை 30-க்கும் நவம்பர் 1-க்கும் இடையில் தயாரானவை. அன்றைக்கு அவற்றுக்குக் கொடுத்த வாரண்டி 2 ஆண்டு அல்லது 40,000 கி.மீ. அது முடிந்து வெகுநாள் ஆகியிருந்தும் பாகத்தை இலவசமாகவே மாற்றிக் கொடுத்தார்கள். வாரண்டிக்கும் ரீகாலுக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு அறிவிப்பிலேயே தெரிகிறது.

வாரண்டி என்பது உங்கள் வண்டிக்கும் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தம். நாள் முடிந்தால் அதுவும் முடிந்தது. ரீகால் அப்படியல்ல. ஒரே காலத்தில், ஒரே பாகத்தைப் போட்டுத் தயாரான வண்டிகள் எல்லாவற்றிலும் பாதுகாப்பைக் கெடுக்கிற குறை ஒன்று இருக்கலாம் என்று தெரிந்ததும், அந்த வண்டிகளை வரவழைத்துச் சோதித்து, தேவையானால் பாகத்தை மாற்றுவது அது. உங்கள் வண்டியில் அந்தக் குறை இதுவரை தலைகாட்டாமல் இருக்கலாம். அதற்காகப் போகாமல் இருந்துவிடக் கூடாது. இன்ஜின் நின்றபிறகோ ஏர்பேக் விரியாமல் போனபிறகோ மாற்றிப் பயனில்லை என்பதால்தான் முன்கூட்டியே கூப்பிடுகிறார்கள். வண்டியையே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று பயப்படவும் வேண்டாம். ஒரு பாகத்தை மாற்றி, சர்வீஸ் சென்டர் தரும் வேலைச் சீட்டான ஜாப் கார்டில் எழுதி, வண்டியை உங்களிடமே கொடுத்துவிடுவார்கள்.

எல்லா ரீகாலுக்கும் ஒரே அவசரம் கிடையாது. 2024 ஆகஸ்டில் மாருதி 2,555 ஆல்டோ கே10 கார்களுக்கு ஸ்டியரிங் கியர் பாக்ஸில் குறை இருக்கலாம் என்று அறிவித்தபோது, பாகத்தை மாற்றும்வரை வண்டியை ஓட்டவே வேண்டாம் என்று சொன்னார்கள். அப்படிப்பட்ட அறிவிப்பு வந்தால் மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் சர்வீஸ் சென்டருக்கு மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று கிளம்பாதீர்கள். சர்வீஸ் சென்டருக்கு போன் செய்து, வண்டியை அவர்கள் செலவில் எடுத்துப்போக ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அறிவிப்பில் ‘ஓட்ட வேண்டாம்’ என்ற வார்த்தை இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மாடல் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள்

“நம்ம வண்டியும் வேகன் ஆர்தான், அப்ப நமக்கும் இருக்குமோ?” என்று கேட்பவர்களுக்கும், “நம்ம வண்டி நல்லாத்தான் ஓடுது, நமக்கு இருக்காது” என்பவர்களுக்கும் பதில் ஒன்றுதான்: ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான சேசிஸ் நம்பரைப் போட்டுப் பாருங்கள். ரீகால் என்பது மாடலுக்கு வருவதில்லை. குறிப்பிட்ட நாட்களில் குறிப்பிட்ட பாகம் பொருத்தப்பட்ட வண்டிகளுக்கு வருகிறது. 2023 ஜனவரியில் ஏர்பேக் கன்ட்ரோலருக்காக மாருதி கூப்பிட்ட 17,362 கார்களில் ஆல்டோ கே10, எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ, பிரெஸ்ஸா, பலேனோ, கிராண்ட் விட்டாரா என்று ஆறு மாடல்கள் இருந்தன. எல்லாம் 2022 டிசம்பர் 8-க்கும் 2023 ஜனவரி 12-க்கும் இடையில் தயாரானவை. அதற்கு இரண்டு மாதம் முன்பு தயாரான அதே மாடல் காருக்கு அந்த ரீகால் கிடையாது.

வேறு கம்பெனி பெயரில் விற்கும் வண்டியிலும் அதே பாகம் இருக்கலாம். பலேனோவின் உடன்பிறப்பான டொயோட்டா கிளான்சாவிலும் 2024 ஏப்ரலில் 2,305 கார்களுக்கு ஃபியூவல் பம்ப் ரீகால் வந்தது. அவையும் 2019-ல் தயாரானவை.

சேசிஸ் நம்பர் 17 எழுத்துகளும் எண்களும் கொண்டது. ஆர்.சி.யிலும் இன்சூரன்ஸ் பாலிசியிலும் இருக்கும். வண்டியின் உடலிலும் பொறித்திருக்கும். இந்தியத் தயாரிப்புகள் பெரும்பாலும் ‘எம்’ எழுத்தில் தொடங்கும்: மாருதிக்கு எம்ஏ3, ஹூண்டாய்க்கு எம்ஏஎல், டாடாவுக்கு எம்ஏடி. இந்த எண்ணில் ‘ஐ’, ‘ஓ’, ‘க்யூ’ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஒன்றோடும் சைபரோடும் குழம்பக் கூடாது என்பதற்காக விட்டுவிட்டார்கள். ஆகவே ‘ஓ’ போலத் தெரிவது சைபர்தான். இணையத்தில் எண்ணைப் போட்டும் விவரம் வரவில்லையென்றால், பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தப்பு நடந்திருக்கும்.

எண் கையில் இருந்தால் கம்பெனியின் இணையதளத்தில் ரீகால் பார்க்கும் பக்கத்தில் போடலாம். கார் தயாரிப்பாளர்கள் சங்கமான சியாம் தளத்திலும் இதற்கென ஒரு பக்கம் உண்டு. இணையம் வேண்டாம் என்றால் சர்வீஸ் சென்டருக்கு எண்ணைச் சொல்லி, “இந்த நம்பருக்கு ஏதாவது ரீகால் நிலுவையில் இருக்கிறதா?” என்று கேளுங்கள். சர்வீஸுக்கு விடும் ஒவ்வொரு முறையும் இதைக் கேட்பது நல்ல பழக்கம்.

பழைய வண்டி வாங்கியவர்களுக்குத்தான் இதில் அதிக ஆபத்து. ரீகால் வந்தால் கம்பெனி தன் கணக்கில் இருக்கும் போன் நம்பருக்குச் செய்தி அனுப்பும். அந்த நம்பர் முதலில் வாங்கியவருடையது. சென்னையில் ஒருவர் ஐந்து வருடம் ஓட்டிவிட்டு விற்ற கார், திருச்சியில் ஒரு கை மாறி, திருத்துறைப்பூண்டிக்கு வந்து சேர்ந்திருக்கும். செய்தி சென்னைக்கே போகும். அவரும் ‘இப்ப நம்மகிட்ட வண்டி இல்லையே’ என்று விட்டுவிடுவார். காரைக்காலில் பதிவான பிஒய் 02 வண்டியை இந்தப் பக்கம் வாங்கி, ஆர்.சி.யில் பெயர்கூட மாற்றாமல் ஓட்டுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குத் தகவல் போய்ச் சேர வழியே இல்லை. வெளியில் உள்ள மெக்கானிக்கிடமே சர்வீஸ் செய்கிறவர்களுக்கும் இதே நிலைதான். வண்டி வாங்கிய வாரத்திலேயே ஆர்.சி. பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். அதோடு கம்பெனி சர்வீஸ் சென்டரில் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் மாற்றச் சொல்லுங்கள். ஆர்.டி.ஓ. கணக்கில் மாற்றினால் கம்பெனி கணக்கில் தானாக மாறாது. வெளியில் சர்வீஸ் செய்தீர்கள் என்பதற்காக ரீகால் வேலையை மறுக்க அவர்களுக்குக் காரணம் இல்லை.

பழைய ஹோண்டா சிட்டி, ஜாஸ் வாங்குகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். டகாட்டா என்ற ஜப்பானியக் கம்பெனி செய்த, ஏர்பேக்கை ஊத வைக்கும் இன்ஃப்ளேட்டர்களில் அம்மோனியம் நைட்ரேட் எரிபொருளாக இருந்தது. வருடக்கணக்கில் வெப்பமும் ஈரப்பதமும் பட்டால் அது கெட்டுப்போய், விபத்தின்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரியும். உலோகக் கூடு சிதறி, காப்பாற்ற வேண்டிய ஏர்பேக்கே துண்டுகளை முகத்தில் வீசும். அமெரிக்காவில் முதலில் மாற்றச் சொன்ன இடங்கள் ஃபுளோரிடா போல வெக்கையும் கடற்காற்றும் உள்ள மாநிலங்கள்தான். நாகப்பட்டினம், வேதாரண்யம், காரைக்கால் தட்பவெப்பமும் அதே ரகம். ஹோண்டா இந்தியாவில் பல கட்டமாக இந்த இன்ஃப்ளேட்டர்களை மாற்றியது. 2018 ஜனவரி அறிவிப்பில் மட்டும் அக்கார்டு, சிட்டி, ஜாஸ் சேர்த்து 22,834 கார்கள். உங்கள் கைக்கு வந்த வண்டியில் அது மாற்றப்பட்டதா என்பதை சேசிஸ் நம்பரை வைத்துத்தான் சொல்ல முடியும். ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொல்ல முடியாது.

புகார் எப்படி ரீகால் ஆகிறது

சில குறைகளைக் கம்பெனியே தன் சோதனையில் கண்டுபிடிக்கும். சிலவற்றைப் பாகம் சப்ளை செய்தவர் சொல்வார். மீதி எல்லாம் வண்டி ஓட்டுகிறவர்கள் கொடுக்கும் புகாரிலிருந்து வருபவை. ஒரு சர்வீஸ் சென்டரில் ஒரு புகார் என்றால் அது தனி வண்டியின் கோளாறு. பல ஊர்களில், ஒரே மாதத்தில் தயாரான வண்டிகளில், ஒரே மாதிரி புகார் சேர்ந்தால்தான் அது பாகத்தின் குறை என்று பிடிபடும். புகாரை என்ன வார்த்தையில் எழுதினார்கள் என்பது இங்கே பெரிதாகிவிடுகிறது.

இதற்கு ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவர்லே கோபால்ட் என்ற சின்னக் கார் விவகாரத்தைப் பார்க்க வேண்டும். அதன் சாவி சுவிட்சில் இருந்த பிடிப்பு போதாது. கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ முழங்கால் இடித்தாலோ, ஓடும் வண்டியில் சாவி ‘ஆன்’ நிலையிலிருந்து நழுவிவிடும். இன்ஜின் நிற்கும், பவர் ஸ்டியரிங் போகும், ஏர்பேக்கும் விரியாது. பல வருடமாக ஓட்டுநர்கள் “வண்டி ஓடும்போது ஆஃப் ஆகிறது” என்று புகார் கொடுத்தார்கள். கம்பெனிக்குள் அதை வாடிக்கையாளருக்கு ஏற்படும் அசௌகரியம் என்ற கணக்கில் வைத்தார்கள், பாதுகாப்புக் குறை என்று பார்க்கவில்லை. இன்ஜின் நின்றால் ஏர்பேக்கும் செத்துவிடும் என்ற தொடர்பு பலருக்குப் புரியவே இல்லை. 2006-ல் சுவிட்சை உள்ளுக்குள் மாற்றியபோது பாகத்தின் எண்ணை மாற்றாமல் விட்டார்கள். அதனால் பிறகு விசாரித்தவர்களுக்குப் பழைய சுவிட்ச் எது, புதியது எது என்றே குழப்பம். 2014-ல்தான் ரீகால் வந்தது. அந்தச் சுவிட்ச் காரணமாக இறந்தார்கள் என்று ஜெனரல் மோட்டார்ஸ் அமைத்த நஷ்டஈட்டு நிதி ஏற்றுக்கொண்டவர்கள் மட்டும் 124 பேர்.

ஆகவே ஜாப் கார்டில் “ஸ்டார்ட்டிங் டிரபுள்”, “மிஸ்ஸிங்” என்று சர்வீஸ் அட்வைஸர் எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். என்ன நடந்தது, அதனால் வண்டி எந்த வகையில் கட்டுப்பாட்டை இழந்தது என்று இரண்டும் வர வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

“10-ஆம் தேதி காலை 8.15. ஓடோமீட்டர் 46,210 கி.மீ. கும்பகோணம் சாலையில் அய்யம்பேட்டை அருகே நான்காவது கியரில் சுமார் 55 கி.மீ. வேகம். ஏ.சி. ஓடியது, மழை இல்லை, டேங்கில் கால் அளவு பெட்ரோல். ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கும்போதே இன்ஜின் நின்றது. செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. மூன்றாவது மிதிக்குப் பிரேக் பெடல் இறுகிவிட்டது. ஓரம் கட்டி 10 நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆனது. இரண்டு வாரத்தில் இது இரண்டாவது முறை.”

இதில் ஒவ்வொரு தகவலும் ஒரு வேலை செய்கிறது. டேங்கில் எவ்வளவு பெட்ரோல் என்பது ஃபியூவல் பம்பைக் காட்டிக்கொடுக்கும். பம்ப் டேங்குக்குள் பெட்ரோலிலேயே முங்கியிருப்பது, பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது. ஆறியபிறகு ஸ்டார்ட் ஆவது இன்னொரு தடயம். டென்சோ என்ற ஜப்பானியப் பாகக் கம்பெனி செய்த சில பம்புகளில் உள்ளே சுழலும் பிளாஸ்டிக் சக்கரம் அடர்த்தி குறைவாக இருந்ததால் பெட்ரோலை உறிஞ்சி உப்பி, கூட்டில் உரசி நின்றது. உலக அளவில் டொயோட்டாவும் ஹோண்டாவும் லட்சக்கணக்கில் வண்டிகளைக் கூப்பிட்டதற்கு அதுதான் காரணம். பிரேக் பெடல் இறுகுவதற்கும் விளக்கம் உண்டு. இன்ஜின் நின்றால், பிரேக் மிதிக்கு உதவும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும். அதனால் இன்ஜின் நின்றால் பெடலை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள்.

விளக்கு எரிந்தால் அது அணைவதற்குள் போனில் படம் எடுத்து வையுங்கள். பக்கத்தில் உள்ள மெக்கானிக்கிடம் ஸ்கேனர் இருந்தால், வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்திருக்கும் குறை எண்ணை (எரர் கோட்) படித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பி0087 என்றால் எரிபொருள் அழுத்தம் குறைவு என்று அர்த்தம். ஆனால் அந்தக் குறை எண்ணை அழிக்க விடாதீர்கள், பேட்டரி ஒயரையும் கழற்ற விடாதீர்கள். குறை வந்த நொடியில் வேகம், வெப்பநிலை, இன்ஜின் சுற்று எவ்வளவு என்று கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருப்பதும் சேர்ந்து அழிந்துவிடும். அப்புறம் சர்வீஸ் சென்டரில் ‘குறை எதுவும் தென்படவில்லை’ என்று எழுதித் தருவார்கள். அப்படி எழுதினாலும் அந்த ஜாப் கார்டின் நகலை வாங்கி வையுங்கள். மூன்று தடவை அதே புகார், மூன்று தடவை அதே பதில் என்பதே ஒரு சாட்சி.

வண்டியின் குறையா, நம் ஊரின் குறையா

டெல்டாவில் ஓடும் வண்டிக்கு வரும் கோளாறில் கணிசமானது தயாரிப்புக் குறை அல்ல. இதைப் பிரித்துச் சொல்லாவிட்டால் உண்மையான புகாரும் எடுபடாது.

ஐப்பசி, கார்த்திகையில் சாலையில் தேங்கிய தண்ணீருக்குள் ஓட்டி, ஏர் ஃபில்டர் வழியாக இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது என்பதே காரணம். நின்ற வண்டியைத் திரும்பத் திரும்ப செல்ஃப் அடிப்பதால்தான் சேதம் பெரிதாகிறது. அது ரீகாலிலும் வராது, வாரண்டியிலும் வராது. இன்சூரன்ஸில் இன்ஜின் புரொடெக்ட் கவர் தனியாக எடுத்திருந்தால்தான் பணம் கிடைக்கும். வயலை ஒட்டி நிறுத்தும் வண்டியில் எலி ஒயரைக் கடிப்பதும் இதே கணக்கு. அறுவடைக் காலத்தில் சாலையில் பரப்பிய வைக்கோல் மேல் ஓட்டினால் அது அடியில் சுற்றிக்கொள்ளும். புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். அங்கே காய்ந்த வைக்கோல் பட்டால் வண்டியே எரியும். வைக்கோல் மேல் ஓட்ட நேர்ந்தால் கொஞ்சம் தள்ளி நிறுத்தி அடியில் எட்டிப் பாருங்கள். தீப்பிடித்த வண்டியைச் சோதிக்க வருகிறவர்கள் வைக்கோலையும் எலி கடித்த தடத்தையும்தான் முதலில் தேடுவார்கள்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. “தண்ணியில ஓட்டியிருப்பீங்க” என்ற ஒரு வார்த்தையில் எல்லாப் புகாரையும் முடித்துவிட முடியாது. 2021 செப்டம்பரில் மாருதியின் சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்எல்6 சேர்த்து 1,81,754 பெட்ரோல் கார்களுக்கு மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டைச் சோதிக்க ரீகால் வந்தபோது, மாற்றும்வரை தண்ணீர் தேங்கிய இடங்களில் ஓட்ட வேண்டாம், மின் பாகங்கள் மேல் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம் என்று கம்பெனியே எச்சரித்தது. மழைக்கால ஓட்டத்தைத் தாங்காத மின்பாகம் என்றால் அதில் பாகத்தின் பங்கும் இருக்கிறது. எந்த அளவு தண்ணீரில் ஓட்டினீர்கள் என்பதை மறைக்காமல், ‘சக்கரத்தின் பாதிக்கும் கீழே, சுமார் 100 மீட்டர்’ என்பது போல எழுதுங்கள். உண்மை விவரம் உங்களுக்குத்தான் பலம்.

ஸ்டியரிங்கில் இன்னும் கவனம் வேண்டும். 2023 ஜூலையில் 87,599 எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ கார்களுக்கு, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் உடையக்கூடும் என்று ரீகால் வந்தது. குண்டும் குழியுமான சாலையில் டை ராட் முனை தேய்ந்து ஆடுவது சாதாரணத் தேய்மானம். ராடு உடைவது தேய்மானம் அல்ல. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தும் வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, மெதுவாகத் திருப்பும்போது ‘டக்’ என்ற சத்தம் வந்தாலோ, அலைன்மென்ட் கடையோடு நிறுத்தாமல் சேசிஸ் நம்பரையும் பார்த்துவிடுங்கள்.

கம்பெனி கேட்கவில்லை என்றால்

முதலில் சர்வீஸ் சென்டர், அடுத்து கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஈமெயில். போனில் பேசியதை நம்பி உட்காராதீர்கள். பேசினாலும் பிறகு அதையே ஈமெயிலாக எழுதிப் புகார் எண் வாங்குங்கள்.

பாதுகாப்புக் குறை என்றால் மத்திய அரசிடமும் போகலாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 110ஏ பிரிவும், 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளும் கட்டாய ரீகாலுக்கு வழி செய்கின்றன. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். அரசின் வாகனப் பதிவுத் தளமான வாகன் தளத்தில் வண்டி உரிமையாளர்கள் புகார் பதியலாம். பதிவெண்ணும் சேசிஸ் நம்பரும் கையில் இருக்கட்டும். ஆண்டு விற்பனையைப் பொறுத்து ஒரு குறிப்பிட்ட அளவு புகார்கள் சேர்ந்தால் அரசு விசாரணைக்கும் சோதனைக்கும் உத்தரவிடலாம். கட்டாய ரீகால் என்றானால் அபராதம் ரூ.10 லட்சத்திலிருந்து ரூ.1 கோடி வரை. கம்பெனி தானாக முன்வந்து குறையைத் தெரிவித்து ரீகால் செய்தால் அபராதம் இல்லை. நாம் பார்க்கும் அறிவிப்புகள் பெரும்பாலும் ‘தாமாக முன்வந்து’ என்றே வருகின்றன. உங்கள் ஒரு பதிவால் மறுநாளே எதுவும் நடக்காது, ஆனால் எண்ணிக்கை அங்கேதான் சேர்கிறது. வாட்ஸப் குழுவில் எத்தனை பேர் புலம்பினாலும் அது இந்தக் கணக்கில் ஏறாது.

உங்கள் பணமோ நஷ்டஈடோ வேண்டும் என்றால் அது வேறு வழி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்துப் பார்க்கலாம். தீரவில்லையானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை ரூ.50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும், ரூ.5 லட்சம் வரை கட்டணம் இல்லை, ரூ.10 லட்சம் வரை ரூ.200. வண்டியைச் சென்னையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ நாகப்பட்டினத்திலோ வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். குறையைச் சோதனை இல்லாமல் முடிவு செய்ய முடியாது என்றால் ஆணையம் பாகத்தைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பும். அதற்குப் பாகம் இருக்க வேண்டும். வெளியில் மாற்றியிருந்தால் பழைய பாகத்தைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாமல், தேதி எழுதிய பையில் கட்டி வையுங்கள்.

ரீகால் வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது ஜாப் கார்டில் ரீகால் பெயர், மாற்றிய பாகத்தின் எண், தேதி, கி.மீ. இருக்க வேண்டும்; பில் தொகை பூஜ்யம். ‘சோதித்தோம், மாற்றத் தேவையில்லை’ என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். நாளைக்கு வண்டியை விற்கும்போது வாங்குகிறவருக்குக் காட்ட அதுவே போதும். அதோடு, ஒருமுறை மாற்றியாயிற்று என்று சேசிஸ் நம்பரைப் பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள். 2019 ஜனவரி 8 முதல் நவம்பர் 4 வரை தயாரான 78,222 பலேனோக்களுக்கு 2020 ஜூலையிலேயே ஒரு ஃபியூவல் பம்ப் ரீகால் வந்திருந்தது. 2019 ஆகஸ்டில் தயாரான பலேனோ அந்தத் தேதிக்குள்ளும் வரும், 2024 அறிவிப்பின் தேதிக்குள்ளும் வரும்.